செப்புக் குழாயும் விடியற்காலைத் தண்ணீரும்



என் இளமையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு செப்புத் தவலை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் என் பாட்டியார் அதனைப் புளியிட்டுத் தேய்ப்பார். கழுத்து மடிப்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பு கரைந்து வழியும்; தவலை செக்கச் செவேலென்று மின்னும். "களிம்பு வயிற்றுக்குள் போனால் குமட்டும்" என்பார் அவர். ஏன் என்று நான் கேட்டதில்லை. பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, உலோகங்களின் அரிப்பைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆயினும் பாட்டியாரின் அந்தச் சொல் எனக்கு உறைத்தது, ஓய்வு பெற்ற பிறகு கடல் கடந்த ஒரு வீட்டில்தான்.

என் மகள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், நகரத்தை விட்டு விலகிய ஓர் ஊரில் குடியிருக்கிறாள். அங்கே பொதுக் குடிநீர்க் குழாய் இல்லை. வீட்டுக் கிணற்று நீரே, சுவருக்குள் ஓடும் செப்புக் குழாய்களின் வழியாக வருகிறது. நானோ விடியுமுன் எழுபவன். கைக்குழந்தையான என் பேத்தி அழுதால், பிறர் உறக்கம் கெடலாகாது என்று எண்ணி, குழாயில் வரும் வெந்நீரையே பிடித்துப் பால் மாவைக் கரைத்து ஊட்டுவேன். ஒரு வாரத்தில் மூன்று நாட்கள் குழந்தை குடித்த பாலைக் கக்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. நான்காம் நாள், கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டும் இடத்தில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கோட்டைக் கண்டேன். பாட்டியாரின் தவலை என் கண்முன் வந்து நின்றது.

செம்பு எளிதில் அழியும் உலோகமா? அன்று. எகிப்து நாட்டில் அபூசிர் என்னும் இடத்தில், சாஹூரே மன்னனின் பிரமிடுக் கோயிலில் நீர் வடிவதற்கென அமைந்த செப்புக் குழாய்களை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் போர்ச்சார்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் அகழ்ந்து கண்டார். அவற்றின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள்.

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம், செம்பைத் தண்ணீர் தாக்காமல் விட்டுவிடுகிறது என்பதன்று. நீரில் கரைந்துள்ள பிராணவாயு புதுச் செம்பை உடனே தாக்குகிறது. அதனால் செந்நிறமான ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. நாளடைவில் நீரிலுள்ள கார்பனேட்டும் சேர்ந்து, அதன்மேல் பச்சைப் படலம் படிகிறது. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மேலும் காட்டிக் கொடுக்கும். செம்பின் படலமோ சுவரோடு ஒட்டி நின்று உள்ளிருக்கும் செம்பைக் காக்கிறது. முதல் அரிப்பே அதற்குக் கவசம்! ஆகவே, குழாய் பிழைப்பதும் அழிவதும், அந்தக் கவசத்தைத் தண்ணீர் விட்டுவைக்கிறதா, கரைக்கிறதா என்பதைப் பொறுத்ததே.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்பேறுகிறது. வழியில் சுண்ணாம்புக் கல் இருந்தால் அப்புளிப்பு தணியும். மணலும் கருங்கல்லுமான நிலத்தில் அது தணியாமலே கிணற்றை அடையும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண்ணில் 7 என்பது நடுநிலை, 6.5-க்குக் கீழே இறங்கிய நீர் செப்புக் குழாய்க்குப் பகை. பாட்டியாரின் புளி தவலைக்குச் செய்ததையே இந்நீர் குழாயின் உட்சுவருக்குச் செய்கிறது. பகலில் நீர் ஓடிக்கொண்டிருப்பதால் கரையும் செம்பு சிறிது சிறிதாக வெளியேறும். இரவு முழுதும் அசையாது கிடந்த நீரிலோ அது சேர்ந்துகொண்டே போகும். சூடும் கூடினால் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைத்தான், வேதியியல் கற்பித்த நான், குழந்தைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்!

அமெரிக்க அரசு 1991-ஆம் ஆண்டில் விதித்த விதியும் இந்த முதல் தண்ணீரையே சோதிக்கச் சொல்கிறது. குறைந்தது ஆறு மணி நேரம் குழாயில் தேங்கிய நீரில் முதல் ஒரு லிட்டரை எடுக்க வேண்டும். செம்பு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்ற அளவை மீறும் வீடுகள் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டால், நீர் வழங்குவோர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். செம்பு நம் உடலுக்குச் சிறிதளவு வேண்டுவதே; மிகுந்தால் குமட்டலும் வயிற்று வலியும் தரும். தனியார் கிணறுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. எனவே நாங்களே நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். அமிலமும் மிகுதி, செம்பும் மிகுதி என்று விடை வந்தது. குழந்தையின் வாந்திக்கு அதுவே காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் நீரை மாற்றியபின் வாந்தி நின்றது.

அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. வளைவுகளில் நீர் மிக விரைந்து பாய்வது, பற்றவைக்கும்போது தடவிய பசை உள்ளே தங்கிவிடுவது போன்றவை குழாயில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். சுவருக்குள் மாதக்கணக்கில் கசிந்தபின்னரே அது தெரியவரும்.

நம் ஊர் வீடுகளுக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் கப்பல்களின் அடிப்புறத்துச் செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, 1824-இல் ஹம்ப்ரி டேவி அவற்றோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். இணைத்த உலோகம் கரைந்தது, செம்பு தப்பியது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமற்போகவே, கப்பலடியில் பாசியும் சிப்பியும் தாராளமாக வளர்ந்துவிட்டன! டேவி விரும்பி இணைத்ததை நாம் அறியாமல் இணைக்கிறோம். வெந்நீர்க் கருவியின் செப்புக் குழாயிலிருந்து புறப்படும் நீர், அடுத்து நாகம் பூசிய இரும்புக் குழாயில் புகுமானால், உடன் வரும் செம்பு அதில் படிந்து நாகத்தையும் இரும்பையும் துளைத்துவிடும். குழாய் வேலை செய்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நலம்.

மகள் வீட்டில், நீர் வரும் வழியில் சுண்ணாம்புக் கற்பொடி நிரப்பிய ஒரு கலத்தைப் பொருத்தினார்கள். புளித்த நீர் அதனூடே சென்று தன் புளிப்பை இழக்கிறது. கல் கரையக் கரைய மீண்டும் நிரப்ப வேண்டும். காலையில் முதலில் வரும் நீரை வாளியில் பிடித்துப் பூச்செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிப்பதற்குக் குளிர்நீரைப் பிடித்து அடுப்பில் காய்ச்சுகிறார்கள். தொட்டியிலிருந்த பச்சைக் கோட்டை, மகளின் சமையலறையிலிருந்து ஓர் உருண்டைப் புளி வாங்கி நானே தேய்த்தேன். ஊர் திரும்பிய ஆறாம் மாதம், அந்தக் கோடு மீண்டும் வரவில்லை என்று அவள் எழுதியிருந்தாள்.