யார் அதிகம் பேசுகிறார்கள்? எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது



"பெண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் தமிழ் மன்றங்களில் கைத்தட்டல் நிச்சயம். எதிரணி எழுந்து மறுத்தாலும் கைத்தட்டல் உண்டு. ஆனால் இரண்டு அணியிலும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அறிவியலின் பெயரால் ஓர் எண் மட்டும் உலவிக்கொண்டிருக்கிறது: பெண் ஒரு நாளைக்கு 20,000 சொற்கள் பேசுகிறாள், ஆணோ 7,000 சொற்களோடு நிறுத்திக்கொள்கிறான் என்று. அமெரிக்க மனநல மருத்துவர் லூவான் பிரிசென்டைன் பெண்களின் மூளையைப் பற்றி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்த எண் இடம்பெற்றது. நாளேடுகள் பலவும் அதை எடுத்துப் போட்டன. மார்க் லிபர்மேன் என்ற மொழியியலாளர் அந்த எண்ணின் வேரைத் தேடிப் போனார். நூலிலிருந்து நூலுக்கு அது தாவி வந்திருந்ததே தவிர, உட்கார்ந்து எண்ணியவர் ஒருவரும் அகப்படவில்லை. பின்னர் வந்த பதிப்புகளில் அந்த எண் நீக்கப்பட்டது. ஊர் வாயிலிருந்து அதை யார் நீக்குவது?

சரி, எப்படித்தான் எண்ணுவது? ஆளைக் கேட்டால் போதாதா என்று தோன்றும். நேற்று எத்தனை சொற்கள் பேசினீர்கள் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. சொற்கள் போகட்டும், உடம்பில் பட்ட வலியைக்கூட மனிதர்கள் சரியாக நினைவு வைத்திருப்பதில்லை. குடல் பரிசோதனைக்கு வந்த நோயாளிகளை வைத்து டேனியல் கானமன், டொனால்ட் ரெடல்மெயர் இருவரும் செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. வலியின் உச்சமும் கடைசி நிமிடங்களும்தான் நினைவில் தங்கின. பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய மறந்தே போயிற்று.

அப்படியானால் அன்றன்றைக்கு எழுதி வைக்கச் சொல்லலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களிடம் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் நாட்குறிப்பு ஒன்றைக் கொடுத்து, குறித்த நேரங்களில் வலியின் அளவை எழுதச் சொன்னார்கள். ஏட்டின் அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி ஒன்று இருந்தது. ஏடு எப்போது திறக்கப்பட்டது, எப்போது மூடப்பட்டது என்பதை அது பதிந்துகொண்டே வந்தது. நோயாளிகளுக்கு அது தெரியாது. அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்குப்படி 100க்கு 90 முறை சரியான நேரத்தில் எழுதியிருந்தார்கள். கருவி சொன்ன கணக்கு 11. ஏட்டைத் திறக்கவே திறக்காத நாள்களுக்கும் பக்கம் நிரம்பியிருந்தது! 2002இல் இது வெளிவந்தபோது மருத்துவ ஆய்வாளர்கள் பலர் தங்கள் பழைய ஏடுகளைச் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள். பள்ளி விடுமுறையின் கடைசி நாளில் மொத்த நாட்குறிப்பையும் எழுதி முடிக்கும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். பெரியவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கூடவே போய்ப் பார்ப்பது இன்னொரு வழி. ரோஜர் பார்க்கர், ஹெர்பர்ட் ரைட் என்ற இரு உளவியலாளர்கள் 1947இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிற்றூரில் ஆய்வு நிலையம் அமைத்தார்கள். 1949 ஏப்ரல் 26ஆம் தேதி, ஏழு வயதுப் பையன் ஒருவன் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கப் போனது வரை எட்டுப் பேர் முறைவைத்து அவனைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். அந்த ஒரே நாள் 400 பக்கத்துக்கும் மேற்பட்ட புத்தகம் ஆயிற்று. இப்படிப் பல ஆண்டுகள் பிள்ளைகளைக் கவனித்ததில் பார்க்கர் கண்டது முக்கியமானது. பிள்ளையின் நடத்தையைச் சொல்ல அதன் குணத்தை அறிவதைவிட, அது அப்போது எங்கே இருக்கிறது என்பதை அறிவதே அதிகம் உதவியது. வகுப்பில் ஒரு விதம், வழிபாட்டில் ஒரு விதம், கடைவீதியில் இன்னொரு விதம். ஒரு பிள்ளைக்கு 'முரடன்' என்று முத்திரை குத்துமுன் எந்த இடத்தில் பார்த்தோம் என்று கேட்பது நல்லது.

ஒரு பையனுக்கு எட்டுப் பேர் என்றால் ஊருக்கு எத்தனை பேர் வேண்டும்? 1970களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் ஒரு வழி கண்டார். அன்று மருத்துவர்கள் இடுப்பில் மாட்டியிருந்த பேஜர் கருவியை அவர் சாதாரண மக்களிடம் கொடுத்தார். நாளில் ஏழெட்டு முறை, எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்தவுடன் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், மனம் எப்படி இருக்கிறது என்று தாளில் குறிக்க வேண்டும். நினைவை நம்ப வேண்டியதில்லை.

அவரோடு பணியாற்றிய ரீட் லார்சன், பின்னர் மரீஸ் ரிச்சர்ட்ஸுடன் சேர்ந்து அந்தக் கருவியைக் குடும்பத்துக்குள் கொண்டுபோனார். சிகாகோ புறநகர்ப் பகுதியில் 55 குடும்பங்கள். அப்பா, அம்மா, வளரும் பிள்ளை, மூவரிடமும் கருவி. மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்த மூவரும் எழுதியது மூன்று வேறு வீடுகளைப் பற்றியது போல் இருந்தது. 1994இல் வந்த அவர்களின் நூல் சொல்வதைக் கேளுங்கள். ஆண்களின் மனம் வீட்டுக்கு வந்ததும் மலர்ந்தது. வெளியில் வேலைக்குப் போன பெண்களுக்கோ வேலையிடத்தில்தான் மனம் தெளிவாக இருந்தது, வீட்டில் இறங்கியது. அதே வீட்டு வேலையை ஆண் செய்தபோது அவ்வளவு சுமையாக எழுதவில்லை. அது அவர் விரும்பினால் செய்வது. பெண்ணுக்கு அது செய்தே தீர வேண்டியது. "வீட்டில்தானே இருக்கிறாய், உனக்கென்ன குறை?" என்று கேட்கும் கணவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வீடு அப்படித்தான் இருக்கிறது.

இப்போது பேச்சுக்கு வருவோம். மத்தியாஸ் மெல், ஜேம்ஸ் பென்னபேக்கர் முதலியோர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிறு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை 30 வினாடி மட்டும் அது தானாகப் பதிவு செய்யும். அணிந்திருப்பவருக்கு எப்போது பதிவாகிறது என்று தெரியாது. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 மாணவர்கள் அதை அணிந்தார்கள். 2007இல் விடை வந்தது: பெண்கள் நாளொன்றுக்குச் சுமார் 16,200 சொற்கள், ஆண்கள் சுமார் 15,700. வித்தியாசம் என்று சொல்லத் தகுந்தது எதுவுமில்லை. அதிகம் பேசிய முதல் மூவரும் ஆண்கள்! அவர்களில் ஒருவர் 47,000 சொற்கள் பேசியிருந்தார். அதைக் கேட்டவர்களின் பொறுமைக்குக் கணக்கு இல்லை.

பெண்ணணிக்கு வெற்றி என்று நடுவர் இங்கே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் அந்த 396 பேரும் மாணவர்கள். எனவே நான்கு நாடுகளில் 2,197 பேரின் பதிவுகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் செய்தார்கள். 2025இல் வெளிவந்த முடிவில் பெண்கள் சராசரி 13,349 சொற்கள், ஆண்கள் 11,950. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இதைவிடப் பல மடங்கு பெரிது. 100 சொல்கூடப் பேசாதவரும் உண்டு, லட்சத்தைத் தாண்டியவரும் உண்டு. 25 வயது முதல் 64 வரை உள்ளவர்களிடம் மட்டும் பெண்கள் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசினார்கள். மற்ற வயதினரிடம் அவ்வளவு இடைவெளி இல்லை. பிறவிக் குணம் என்றால் எல்லா வயதிலும் தெரிய வேண்டுமே! அது பிள்ளை வளர்க்கும் வயது, காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உறுதியாகச் சொல்லவில்லை. "பல் விளக்கினாயா, புத்தகத்தை எடுத்தாயா" என்பதும் அந்தக் கணக்கில் சொற்கள்தாம்.

மற்றொன்றும் அதில் தெரிந்தது. ஆண், பெண் இருபாலாரிடமும் பேச்சு குறைந்துவருகிறது. 2005க்கும் 2018க்கும் இடையில் சராசரி சுமார் 3,000 சொற்கள் இறங்கியிருக்கிறது. கைத்தொலைபேசித் திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதா என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியது.

பிறர் வீட்டுப் பேச்சை இப்படிப் பதிவு செய்வது முறையா என்று நேயர்கள் கேட்பது நியாயமே. அணிபவர் முன்கூட்டியே இசைவு தருகிறார். பதிவு முடிந்ததும் அவரே முதலில் கேட்டு, வேண்டாததை அழித்துவிடலாம். அதன் பிறகுதான் ஆய்வாளர் காதுக்குப் போகும். இந்த உரிமை எல்லாருக்கும் கொடுக்கப்பட்டும், அதைப் பயன்படுத்தி எதையாவது அழித்தவர்கள் மிகச் சிலரே.