மனச்சுமையை மறைக்கலாமா?

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பொருள் ஈட்டச் சென்றோர் பலர். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, வெயிலில் உழைப்போருக்குப் பகல் 12.30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு உண்டு. உடலுக்குச் சட்டம் செய்தனர். மனத்திற்கு யார் செய்வது? தொலைபேசியில் மகன் 'நலம்' என்கிறான். கடன்காரர் வந்து சென்றதை மறைத்துத் தாயும் 'நலம்' என்கிறாள். அன்பினால் விளைந்த மறைப்பே. ஆயினும் கவலை நீடிக்குங்கால் உறக்கம் கெடும். இரத்த அழுத்தம் ஏறும். வழிபாடு ஒன்றே போதுமென்று அடியேன் சொல்லமாட்டேன். கடன் எவ்வளவு என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளட்டும். உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரை நாடுக. 2022இல் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையிலும், ஊரிலிருப்போர் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.