மணி அடிப்பதற்கு முன்

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



பிள்ளைகள் நாள் தவறாமலும் நேரம் தவறாமலும் பள்ளிக்கு வரவேண்டியதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். இதைக் கூற எங்களுக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். சென்ற ஆண்டு இவ்வட்டாரத்தில் வேறோர் ஊரின் பள்ளி விழாவிற்கு நாங்கள் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். குழந்தைகள் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்கு அளிப்பதற்காக ஒரு சிறுமி வைத்திருந்த செம்பருத்திப் பூ அவள் கையிலேயே வாடிவிட்டது. அன்று எழுதிக் கொண்டுபோன பேச்சைப் பேச எங்களுக்கு நா எழவில்லை. பிள்ளைகளை நிழலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டோம். ஆகவே இன்று கூறப்போவதை உங்களுக்கு மட்டும் உரியதாகக் கொள்ள வேண்டா.

நம் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டில் மதிய உணவு தொடங்கியது. 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் பலகையும் தாமே முன்வந்து கொடுத்தார்கள். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டு மாதத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. இவற்றின் பயனாக, இன்று நம் ஊர்களில் பெயர் சேர்க்கப்படாத குழந்தையைக் காண்பது அரிது. ஆனால் பெயர் பதிவேட்டில் இருப்பது வேறு, பிள்ளை பலகையின் முன் அமர்ந்திருப்பது வேறு.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று குறைந்த அளவை வகுத்துள்ளது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று ஆகிறது. நாள்தோறும் இருபது நிமிடம் தாமதமாக வரும் பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். 200 நாளில் 4,000 நிமிடம் போகிறது. அதாவது 66 மணி 40 நிமிடம். நான்கு மணிக்கு ஒரு நாள் என்று வைத்தால் பதினாறு நாளுக்கு மேல் அந்தப் பிள்ளை பள்ளிக்கே வரவில்லை என்று பொருள். பதிவேட்டிலோ ஒரு நாளும் குறைந்திராது! இருபது நிமிடந்தானே என்று நாம் எண்ணுவது இப்படித்தான் கணக்கில் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

அந்த இருபது நிமிடத்தில் அப்படி என்ன நடந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். ஒன்றாம் வகுப்பில் ஒரு காலை வேளையில் ஆசிரியை ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுதிக் காட்டுகிறார். கெ, கே, கொ, கோ என்று பிள்ளைகள் ஒன்றாகச் சொல்கின்றன. அன்று தாமதமாக வந்த பிள்ளைக்கு எழுத்தின் முன்னே நிற்கும் கொம்பும் பின்னே நிற்கும் காலும் சேர்ந்து ஓர் ஒலி என்பது விளங்குவதில்லை. மறுநாள் ‘கொடி’ என்று பலகையில் எழுதினால் அது வாய் திறவாமல் இருக்கும். இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கும் அவ்வாறே. ஒரு படி விட்டுப்போனால் மேற்படியில் கால் வைக்க இயலாது. நோய்ப் பரவலால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் மீண்டும் திறந்தபோது, தெரிந்த எழுத்தையும் மறந்துவிட்ட பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்ணாரக் கண்டோம். அதைச் சரிசெய்ய இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று எவ்வளவு முயற்சி வேண்டியதாயிற்று!

இனி ஒரு செய்தி. சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி செவ்வாய்க்கிழமைதோறும் வரவில்லை. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. செவ்வாய் அவ்வூரின் பக்கத்துச் சந்தை நாள். வீட்டிற்குச் சென்றோம். சிறுமி திண்ணையில் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தாய் கீரையும் கத்தரிக்காயும் விற்கச் சந்தைக்குப் போயிருந்தார். மாலையில் அவரைக் கண்டு, ஐந்து நாளில் ஒரு நாள் என்றால் ஆண்டில் நாற்பது நாள் ஆகிறதே என்றோம். “சந்தைக்குப் போகாவிட்டால் வாரம் முழுவதும் அடுப்பில் எதை வைப்பது ஐயா?” என்று அந்த அம்மாள் கேட்டார். எங்களிடம் உடனே விடை இல்லை. கணக்குச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது!

பிறகு அங்கன்வாடிப் பணியாளரிடம் கலந்து பேசினோம். இரண்டு வயது நிறைந்துவிட்டதால் பையனை மையத்தில் சேர்க்கலாம் என்றார். முதல் வாரம் அவன் அழுது ஊரைக் கூட்டினான். அக்காளே பள்ளியிலிருந்து ஓடிவந்து தேற்ற வேண்டியிருந்தது. பிறகு பழகிக்கொண்டான். சிறுமி இப்போது பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பில் இருக்கிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் நின்றுவிடுகிறாள். அந்தத் தாயைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் மகன் வீட்டில் இருக்கும்போதும் மகளையே நிறுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைக் குறை கூறாமல் இருக்கவும் முடியாது.

எங்கள் பக்கத்துக் குறையும் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்குத் தெருப் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகையில் வருவதில்லை என்று ஆசிரியர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். காரணம் சோம்பல் அன்று. இடையில் ஓடும் ஓடை. அதற்குச் சிறு பாலம் வேண்டும் என்ற ஊராட்சியின் தீர்மானம் எங்கள் அலுவலகத்தில் மூன்று மழைக்காலம் கோப்பில் கிடந்தது. இவ்வாண்டுதான் பாலம் முடிந்தது. அந்த மூன்று ஆண்டும் வராத நாட்களைப் பெற்றோர் தலையில் எழுதுவது நியாயம் ஆகாது.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மகளிர் குழுவினர் பொழுது விடியும் முன்னரே அடுப்பு மூட்டுகிறார்கள். உப்புமாவோ, பொங்கலோ, பாடம் தொடங்குவதற்கு முன்னரே பரிமாறப்படுகிறது. தாமதமாக வரும் பிள்ளை பாடத்தோடு இதையும் இழக்கிறது. வெறும் வயிற்றோடு பதினோரு மணிக்கு அதற்கு எழுத்து எப்படித் தலையில் ஏறும்? இரவில் கைப்பேசியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாலே காலைத் தாமதத்தில் பாதி குறையும் என்று தாய்மாரே சொல்கிறார்கள். அப்பாக்களின் கைப்பேசியையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

காது குத்தும் திருமணமும் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஒரு நாள் விழாவிற்கு நான்கு நாள் அத்தை வீட்டில் தங்கிவிடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். காய்ச்சல் என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டா. பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினால் போதும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், புறப்படுமுன் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போகிற ஊரில் உள்ள அரசுப் பள்ளி, ஆண்டின் நடுவில் வந்தாலும், மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இதை அறியாமல் சூளை மேட்டிலேயே ஐந்து மாதம் பிள்ளையை வைத்திருந்தவர்களை நாங்கள் அறிவோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிந்தி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். பிந்தியதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் கையில் இல்லை. வாசலில் நின்ற பிள்ளை மறுநாள் சீக்கிரம் வருவதைவிட வராமல் இருப்பதையே எளிதாகக் காணும். உள்ளே அமர்த்திவிட்டு, மாலையில் பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்தாமே! ஒரு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு அதிகாரி ஒருவர் போவதைவிடப் பக்கத்துத் தெருத் தாய் ஒருத்தி போவது மேல். நாங்கள் ஜீப்பில் போய் இறங்கினால் வீட்டார் பயந்து, பிள்ளையை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்.

வாசலருகே மேசை போட்டு அங்கன்வாடிப் பணியாளர் அமர்ந்திருக்கிறார். வீட்டில் சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். தை மாதத்தில் சூளைக்குப் போக இருப்பவர்கள் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டுப் போகலாம். பாலத்தில் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டப்படவில்லை என்று ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதற்காக இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.