கணிப்பொறிக்கு ஆணை எழுதப் பழகுதல்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு ஊர்ப் பிரயாணத்தின் அருமையைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர வேண்டுமானால், ரயிலில் இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைக்க வேண்டுமானால், முன்பதிவு தொடங்கும் நாளன்று காலை எட்டு மணிக்கே விழித்திருக்க வேண்டும். அந்த நாள் எது என்று நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணுவது டில்லியில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு சடங்கு. கணிப்பொறிக்கு நிரல் எழுத நான் கற்றுக்கொண்டது இந்தச் சடங்கிலிருந்துதான். நிரல் என்பது, கணிப்பொறி செய்ய வேண்டிய காரியங்களை வரிசையாக எழுதிக் கொடுக்கும் ஆணைத்தொடர்.

கணக்கர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்பு இதைக் கற்க விரும்பினேன். முதலில் மாலை நேரப் பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு மாத காலம் இலக்கணங்களை ஏட்டில் எழுதினோம், எழுதியவற்றை ஒப்பித்தோம். ‘மாறி’ என்றால் என்ன, ‘சுழற்சி’ என்றால் என்ன என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஐந்து வரி நிரல் ஒன்றைத் தனியாக எழுதும்படி என்னை யாராவது கேட்டிருந்தால், தலை குனிந்துதான் நின்றிருப்பேன். என்னோடு படித்த இளைஞர் சிலர் கடன் வாங்கிச் சம்பளம் கட்டியவர்கள். அவர்களுடைய நிலையும் அதுவேதான். நீச்சலைக் கரையில் நின்று பாடம் பண்ணிய கதை!

பிறகு 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பேத்தியின் மடிக்கணினியில் பைத்தான் என்னும் நிரல்மொழியை நிறுவிக்கொண்டேன். கைடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் கற்பவர்க்கு எளியதும்கூட. பாடப் புத்தகத்தில் உள்ள பயிற்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்கு உண்மையாகவே விடை தேவைப்பட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். 2024 ஜனவரி 13-ஆம் தேதி டில்லியில் வண்டி ஏற வேண்டும். பிரயாண நாளை நீக்கி, 120 நாட்களுக்கு முன்பு பதிவு தொடங்கும் என்பது அன்றைய விதி. அப்படியானால் அந்த நாள் எது?

முதல் முயற்சியில் இயந்திரம் என்னைக் கடிந்துகொண்டது. விசைப்பலகையில் தட்டி உள்ளே அனுப்புவது எதுவாயினும், பைத்தான் அதை எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளும்; எண்ணாகக் கொள்ளாது. ஐந்தையும் ஐந்தையும் கூட்டச் சொன்னால் பத்து என்னாது. ஐம்பத்தைந்து என்று இரண்டையும் ஒட்டி வைத்துவிடும். கழிக்கச் சொன்னாலோ, முடியாது என்று மறுத்துவிடும். ‘இதை எண்ணாக மாற்று’ என்று தனியாக ஓர் ஆணை தர வேண்டும். பயிற்சி நிலையத்தில் இதை மூன்று முறை எழுதியிருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

அதைத் திருத்தியதும் விடை வந்தது: தேதி, கழித்தல் 107! பதின்மூன்றிலிருந்து நூற்றிருபதைக் கழிக்கச் சொன்னவன் நான். இயந்திரம் சொன்னபடி செய்தது. சரி, 120 நாள் என்பது நான்கு மாதந்தானே என்று மாதத்திலிருந்து நான்கைக் கழித்தேன். மாதம், கழித்தல் மூன்று என்று வந்தது. மாதம் பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ போனால் பன்னிரண்டைக் கூட்டி, ஆண்டில் ஒன்றைக் குறை என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். 2023 செப்டம்பர் 13 என்று விடை வந்தது. வெற்றி என்று எண்ணி மனைவியை அழைத்துக் காட்டினேன். அவள் நாள்காட்டியை எடுத்து எண்ணிவிட்டு, “செப்டம்பர் 15 அல்லவா?” என்றாள். அக்டோபருக்கும் டிசம்பருக்கும் 31 நாள் என்பதை நான் மறந்தேன். இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் இதிலேயே கழிந்தது. பன்னிரண்டு மாதங்களின் நாட்களை ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி நடக்கும்படி ஒரு சுழற்சி எழுதினேன். அப்போது பிப்ரவரி குறுக்கே வந்து நின்றது. நான்கால் வகுபடும் ஆண்டுகளில் 29 நாள். ஆனால் நூறால் வகுபடும் ஆண்டுக்கு அது இல்லை. நானூறால் வகுபட்டால் மறுபடியும் உண்டு. ஆகையால் 1900-க்கு இல்லை, 2000-க்கு உண்டு, 2100-க்கு இல்லை. 2100-இல் யார் இருந்து முன்பதிவு செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். இருந்தாலும் எழுதி வைத்தேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு, நாட்களைக் கழிக்கும் கருவி பைத்தானிலேயே ஆயத்தமாக உண்டு, ஒரே வரியில் காரியம் முடியும் என்று பேத்தி சொன்னாள். கோபந்தான் வந்தது. ஆனாலும் அந்த வாரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆயத்தக் கருவியை முதலிலேயே கையில் கொடுத்திருந்தால், என் நிரலில் நிபந்தனையும் சுழற்சியும் பட்டியலும் எதற்காக வருகின்றன என்பதை நான் அறிந்திருக்க மாட்டேன்.

இவ்வாறு தொட்டுப் பழகும் வழி நம் நாட்டுக்குப் புதிதன்று. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. ஈரோட்டில் பிறந்து, டில்லியில் பள்ளிப் படிப்பை முடித்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்தவர்களில் ஒருவர். மாணவர்கள் நிரலை அட்டைகளில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் அந்த அட்டையை மறுபடியும் துளையிட வேண்டும். ஆகவே கொடுக்கு முன்பே காகிதத்தில் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பார்கள். இன்று பிழை இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடுகிறது. இது பெரும் வசதி; ஒரு வகையில் கேடும்கூட. இங்கே ஒன்றை மாற்றி, அங்கே ஒன்றை மாற்றி, எப்படியோ ஓடினால் போதும் என்னும் பழக்கம் எனக்கும் வந்தது. அதற்கு நான் கண்ட மருந்து, ஓட்டுவதற்கு முன்பு என்ன விடை வர வேண்டும் என்பதைப் பென்சிலால் எழுதி வைப்பது.

தமிழ் படித்த நமக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேளுங்கள். மூன்று என்னாது, ஐந்து என்னும். மி-யில் உள்ள கொக்கியையும் ழ்-மேல் உள்ள புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. வீட்டுக் குழந்தைகளுக்கு இதைக் காட்டினால், உயிர்மெய் இலக்கணமும் நிரலும் ஒருங்கே விளங்கும்.

இனி என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே 120 நாளை 60 ஆகக் குறைத்தது. என் நிரலில் அந்த எண்ணை மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். இரண்டை மாற்றினேன். திரும்பும் பிரயாணத்துக்கு உரிய மூன்றாவதை விட்டுவிட்டேன்.

2025 மார்ச் முதல் தேதியன்று, மாடி வீட்டுப் பெரியவர் கோடை விடுமுறைக்கு நாள் கேட்டு வந்தார். மே 2-ஆம் தேதி செல்வதற்கு மார்ச் 3-இல் பதிவு தொடங்கும் என்று நிரல் சரியாகச் சொன்னது. மே 30-ஆம் தேதி சென்னையிலிருந்து திரும்புவதற்கோ, ஜனவரி 30-ஆம் தேதியே பதிவு தொடங்கிவிட்டது என்றது. “ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி இடம் எங்கே இருக்கப் போகிறது?” என்று நானும் கூறிவிட்டேன். உண்மையில் பதிவு மார்ச் 31-ஆம் தேதிதான் தொடங்கவிருந்தது. என் பேச்சை நம்பி, அவரும் அவர் மனைவியும் திரும்புவதற்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குடும்பம் அது. ஏப்ரலில் என் மைத்துனன் அதே நாளுக்குச் சாதாரணமாக ரயிலில் இடம் பிடித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அன்றிரவு நிரலைத் திறந்து, அந்த எண்ணுக்கு ‘முன்பதிவு நாட்கள்’ என்று பெயரிட்டு, உச்சியில் ஒரே இடத்தில் வைத்தேன். மற்ற இடங்களிலெல்லாம் அந்தப் பெயரைத்தான் எழுதினேன். மாறக்கூடிய எண்ணைப் பல இடங்களில் எழுதாதே என்பது எல்லாப் புத்தகங்களிலும் உள்ள விதி. நானும் அதைப் படித்தவன்தான்.

மறுநாள் பெரியவரிடம் சென்று நடந்ததைக் கூறி, விமானக் கட்டணத்தின் வித்தியாசத்தை வைத்துக்கொள்ளும்படி வேண்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த பொங்கலுக்கு மீண்டும் நாள் கேட்டு வந்தார். நான் நிரலை ஓட்டி, நவம்பர் 13 என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. “தம்பி, இயந்திரம் சொன்னது இருக்கட்டும், அந்த நாள்காட்டியை இப்படிக் கொடு” என்றார். இருவருமாக உட்கார்ந்து ஜனவரி 12-இலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினோம்.