காகிதப் படமும் கண்ணாடிப் பலகையும்



ஆகாயத்திலே மைல்கல் கிடையாது. வழி கேட்பதற்கு ஒரு சந்தியும் கிடையாது. அங்கே சிறு விமானமொன்றைத் தனியாகச் செலுத்திச் செல்பவர், தாம் எங்கே இருக்கிறார் என்பதைத் தாமேதான் அறிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 100 கடல்மைல் வேகத்திற் பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீற்றரைக் கடந்துவிடுகின்றது. ஐந்து நிமிடம் வழி தவறினால் 15 கிலோமீற்றர் தவறியதாகும். அத்தூரத்திற்குள் ஒரு மலை எதிர்ப்படலாம். பெரிய விமானங்கள் இறங்கும் வான்பரப்புக் குறுக்கிடலாம்.

இத்தகையவருடைய மடியில் இருக்கவேண்டியது மடித்த காகிதப் படமா, அன்றி ‘டேப்லெட்’ எனப்படும் கண்ணாடிப் பலகையா? ஊதியத்துக்காகவன்றிச் சொந்த அலுவலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பறக்கின்ற தனியார் விமானிகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சில ஆண்டுகளாக விவாதித்து வரும் வினா இதுவாகும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது பழைமைக்கும் புதுமைக்கும் நடக்கும் வழக்கமான வழக்குப் போலத் தோன்றும். ஆயினும் இதனுள்ளே உயிர் பற்றிய கேள்வி ஒன்று அடங்கியுள்ளது.

முதலிற் காகிதத்தின் கதையைப் பார்ப்போம். 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தபால் விமானம் செலுத்தியோர்க்குத் தக்க வான்வழிப் படங்கள் இருக்கவில்லை. மோட்டார் வண்டிக்காரர் பயன்படுத்திய வீதிப் படங்களையே அவர்கள் கையிலெடுத்துச் சென்றனர். கீழே தெரியும் புகையிரதப் பாதையைப் பின்பற்றிப் பறந்தனர். அந்தத் தண்டவாளத்தை ‘இரும்புத் திசைகாட்டி’ என்றே அழைத்தனர். அக்காலத்தில் எல்றி ஜெப்பெசன் என்னும் தபால் விமானி, 10 சதம் கொடுத்துச் சிறிய கறுப்புக் குறிப்புக் கொப்பி ஒன்றை வாங்கினார். ஒவ்வோர் இறங்குதளத்தின் நீளம், அருகிலுள்ள தடைகள், வானிலையை விசாரித்தறிய உதவக்கூடிய கமக்காரரின் தொலைபேசி எண் என்பவற்றை அதிற் குறித்தார். உயரமானியைக் கையிலேந்தி மலைகளிலும் புகைபோக்கிகளிலும் நீர்த்தாங்கிகளிலும் ஏறி அவற்றின் உயரத்தை அளந்தார். ஏனைய விமானிகள் பிரதி கேட்கவே, 1934ஆம் ஆண்டிலே கொப்பி ஒன்று 10 டொலர் என விற்கத் தொடங்கினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய பெரிய படநிறுவனம் இக்கொப்பியிலிருந்தே தோன்றியது. அமெரிக்க அரசாங்கமும் 1927இல் முதலாவது வான்வழிப் படத்தையும், 1930இல் பகுதி வாரியான படங்களின் முதலாவது தாளையும் வெளியிட்டது.

அப்பகுதிப் படங்களின் அளவுத்திட்டம் 1:500,000 ஆகும். படத்தில் ஒரு சென்ரிமீற்றர் தரையில் 5 கிலோமீற்றர். புறப்படுமுன் விமானி அதில் பென்சிலாற் கோடு வரைகின்றார். காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, விமானத்தின் முகத்தை எத்திசையில் வைப்பது என்று தீர்மானிக்கின்றார். வழியிலுள்ள ஆறு, பாலம், ஊர் என்பவற்றை அடையாளமிட்டு, இன்னதன் மேல் இன்ன நேரத்தில் வருவேன் என்று எழுதிக்கொள்கின்றார். பின் கடிகாரத்தையும் வெளியையும் மாறி மாறிப் பார்த்துச் செல்கின்றார். பாலம் நேரத்துக்கு வந்தால் கணக்குச் சரி. வராவிட்டால் எங்கோ பிழை. இம்முறையில் விமானியின் மனம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை.

ஆனாற் காகிதத்திற்கும் குறைகள் உண்டு. நெருக்கமான ஆசனத்திலே, ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையாற் பெரிய தாளை விரித்து மடிப்பது எளிதன்று. அதனினும் பெருங்குறை அது மூப்படைவதாகும். புதிய கோபுரம் எழுகின்றது. வானொலி அலைவரிசை மாறுகின்றது. வான்பரப்பின் எல்லை நகர்கின்றது. இதனால் அமெரிக்காவிற் பகுதிப் படங்கள் இப்போது 56 நாளுக்கொருமுறை புதிதாக வெளியிடப்படுகின்றன. காலாவதியான தாளோ தன் மூப்பைத் தானே சொல்வதில்லை. நேற்று வாங்கியது போலவே மடிப்புக் குலையாமல் இருந்து பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

2010ஆம் ஆண்டில் ‘ஐபேட்’ விற்பனைக்கு வந்தபின் நிலைமை விரைவாக மாறிற்று. ஒரு நாட்டின் படங்கள் அனைத்தும் ஒரு பலகைக்குள் அடங்கின. செய்மதிகளைக் கொண்டு இடமறியும் ஜீ.பி.எஸ். முறையினால், விமானத்தின் சிறு உருவம் படத்தின்மேல் தானே நகர்ந்தது. வானிலையும் மலை பற்றிய எச்சரிக்கையும் அதே திரையில் வந்தன. அனுமதியின்றி வான்பரப்பினுள் நுழையும் தவறு பிரித்தானியாவில் நெடுநாளாகக் கவலை தந்து வருவதாகும். அதனைத் தவிர்ப்பதற்கு இவ்வாறான நகரும் படத்தைப் பயன்படுத்துமாறு அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையே விமானிகளுக்கு ஆலோசனை கூறுகின்றது. ஆதலால் இப்பலகையை வெறும் விளையாட்டுப் பொருளென்று தள்ளுவது நியாயமாகாது.

எனினும் யானைக்கும் அடி சறுக்கும். ஐபேட்டை இயக்குவதற்குரிய சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரையெனத் தயாரித்தவர்களே கூறுகின்றனர். கண்ணாடிக் கூரையின்கீழ் நண்பகல் வெயில் படும் ஆசனத்தில் அவ்வெல்லை இலகுவிற் கடக்கப்படும். பலகை சூடேறித் தானே அணைந்துவிடும். மின்கலம் தீர்ந்துபோகலாம். ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அனுப்பும் சைகை தரையை அடையும்போது மிக நலிந்துவிடுகின்றது. அதனைக் குழப்புவதும், பொய்ச் சைகையால் ஏமாற்றுவதும் போர் நடக்கும் பகுதிகளை அண்டி அண்மைக்காலத்திற் பெருகியுள்ளன.

பெரிய நிறுவனங்களும் இவ்விடரினின்று தப்பவில்லை. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆந் திகதி, அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் பல பத்து விமானங்கள் புறப்பட இயலாது தாமதித்தன. வோஷிங்ரன் நகர விமான நிலையம் ஒன்றின் படம் தரவுத்தொகுதியில் இருமுறை இடம்பெற்றிருந்தமையால், விமானிகளின் ஐபேட்டில் இருந்த படச் செயலி செயலிழந்ததே காரணம். இது தரையில் வெளிப்பட்டமையால் நட்டம் நேரத்தோடு நின்றது.

பொறி கெடுவதைவிட நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. திரையில் வழியைக் காட்டுவது மெஜெந்தா நிறக் கோடு. அக்கோட்டைப் பின்பற்றினாற் போதும் என்ற எண்ணம் வந்துவிட்டாற் கண் வெளியைப் பார்க்க மறக்கின்றது. மனம் கணக்கிட மறக்கின்றது. கணக்கைச் செய்யாமல் நூலின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தெழுதும் மாணவனுக்கு விடை சரியாகவே இருக்கும். அந்தப் பக்கம் கிழிந்த நாளிலேதான் அவன் நிலை தெரியவரும்.

அப்படியாயின் தீர்ப்பு யாது? இரண்டும் பழுதுபடுவனவே, ஆனாற் பழுதுபடும் விதம் வேறு. காகிதம் மெல்ல மெல்ல, ஓசையின்றிப் பொய்யாகின்றது. கண்ணாடிப் பலகை ஒரே கணத்தில் இருளாகின்றது. இவ்வேறுபாடே விமானிக்குப் பாதுகாப்பு. அமெரிக்க சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆலோசனைச் சுற்றறிக்கை, தனியார் விமானிகள் காகிதத்துக்குப் பதிலாக மின்னணுப் படங்களைக் கொண்டுசெல்ல இடமளித்தது. அவற்றுக்குத் துணையாக இரண்டாவது ஆதாரம் ஒன்று இருப்பது நலமென்றும் கூறியது. அது காகிதமாகவும் இருக்கலாம், மற்றொரு மின்கருவியாகவும் இருக்கலாம் என்பது அதன் கருத்து.

இரண்டாவது பலகை ஒன்றை வைத்துக்கொண்டாற் போதுமே என்று சிலர் வாதிடுவர். பையில் ஈராண்டு பழையதாகக் கிடக்கும் தாளைவிட அது மேலென்பதை மறுக்க முடியாது. ஆனால் இரு பலகைகளும் ஒரே வெயிலில் காய்கின்றன. ஒரே செய்மதியை நம்புகின்றன. ஒரே கயிற்றில் தொங்கும் இரண்டு வாளிகள் போன்றவை அவை. கயிறறுந்தால் இரண்டும் கிணற்றில் விழும். துணையென்பது முதலாவதனைக் கெடுக்கும் காரணத்தாலேயே தானும் கெட்டுவிடாததாய் இருத்தல் வேண்டும்.

ஆகவே அறிவுடைய விமானி செய்யத்தக்கது இதுவே. புறப்படுமுன் பலகையைப் புதுப்பித்து, மின்கலத்தை நிரப்பி, வெயில் நேரே படாதவிடத்தில் வைப்பார். செல்லும் வழிக்குரிய நடப்புக் காலத் தாள் ஒன்றை, கோடு வரைந்து மடித்து, கைக்கெட்டும் இடத்தில் வைப்பார். பறக்கும்போது பத்து நிமிடத்துக்கொருமுறை வெளியே தெரியும் ஆற்றையோ ஊரையோ பார்த்து, இருக்கும் இடத்தைத் தாளில் நேரத்தோடு குறிப்பார். அதற்கு வேண்டியது ஒரு பென்சிலும் சில விநாடிகளுமே. திரை அணைந்தால், அவர் வழி தவறியவர் ஆகார். பத்து நிமிடத்துக்கு முன் எங்கிருந்தார் என்பதை அறிந்தவராகவே இருப்பார். அங்கிருந்து திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு மேலே செல்லலாம்.

ஜெப்பெசன் தம் கொப்பியை விற்ற நாளில், பிறர் எழுதிய குறிப்பை நம்பிப் பறப்பதே புதுமையாக இருந்தது. அன்று வாங்கியவர்களும் சன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிடவில்லை. கருவி எதுவாயினும், விமானம் செல்லும் வழிக்கு இறுதிப் பொறுப்பாளர் அதனைச் செலுத்துபவரே. சட்டமும் அதையே சொல்கின்றது. அப்பொறுப்பைத் தாளிடமும் ஒப்படைக்க இயலாது, பலகையிடமும் ஒப்படைக்க இயலாது.