சிறு கட்டடக்கலை அலுவலகத்தின் வரவும் செலவும்

(மும்பையில் இளம் கட்டடக் கலைஞர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் பொருளாதாரம் பயின்றவன். கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆகவே, கட்டடத்தை வரைபவரின் கணக்கேட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் மாதுங்காவிலோ செம்பூரிலோ இரண்டு மேசைகளுடன் சொந்த அலுவலகம் தொடங்குகிறார். அது ஐந்தாண்டுகள் நிலைக்குமா என்பது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததன்று; பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதையும் பொறுத்தது.

முதலில் சட்டத்தைக் காண்போம். 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே ‘கட்டடக் கலைஞர்’ என்ற பெயரைச் சூடலாம். கூட்டு நிறுவனமாயின் பங்காளிகள் அனைவரும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எனினும், சட்டம் பாதுகாப்பது பெயரைத்தானேயன்றித் தொழிலை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. 1989ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகளோ விளம்பரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே, ஒருவர் செய்து முடித்த வேலையே அவருக்கு அடுத்த வேலையைத் தேடித் தர வேண்டும்.

அடுத்து வரவு செலவு. வாடகையும் ஊதியமும் மாதந்தோறும் தவறாமல் வருகின்றன. கட்டணமோ கருத்துரு, முதனிலை வரைபடம், மாநகராட்சி அனுமதி, பணி வரைபடம், கட்டுமானம், நிறைவு எனக் கட்டம் கட்டமாக வருகிறது. அனுமதி தாமதமானால் வரவு நிற்கிறது, செலவு நிற்பதில்லை. மேலும், 3 லட்சம் ரூபாய்க்குப் பட்டியல் அளித்தால் 18 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. 54,000 ரூபாய். வாடிக்கையாளர் பணம் தருமுன்னரே இவ்வரியைக் கட்ட நேரிடலாம். ஆகவே, தொடக்கத்தில் முன்பணம், ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனிப் பட்டியல், சில மாதச் செலவுக்கான சேமிப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இவை எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் தொடங்க வேண்டும்.

இந்நகரில் வேலைக்குக் குறைவில்லை. 1896இல் பரவிய பிளேக் நோயையடுத்து 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாதுங்கா பகுதிகளில் மனைகளை வகுத்தது. அங்கு எழுந்த பழைய கட்டடங்கள் பல இன்று பழுதுபார்ப்பையோ மறுகட்டுமானத்தையோ எதிர்நோக்கி நிற்கின்றன. செம்பூரின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களிலும் இதே நிலை. மறுகட்டுமானத்திற்கு முன் சங்கம் கட்டடக் கலைஞர் அல்லது திட்ட ஆலோசகரிடமிருந்து சாத்தியக்கூறு அறிக்கை பெற வேண்டும் என்று மகாராஷ்டிர அரசின் 2019ஆம் ஆண்டு ஆணை வழிகாட்டுகிறது. ஆலோசகர் கட்டுமான நிறுவனத்தை அண்டிப் பிழைப்பவராயின் அவ்வறிக்கையால் உறுப்பினர்களுக்கு என்ன பயன்? சிறு அலுவலகத்தின் பொருளாதாரச் சுதந்திரம் பொதுநலனைச் சார்ந்தது என்பது இங்கே புலப்படும்.

தாராவியின் நிலை வேறு. அங்கு நூறு சதுர அடியில் வீடு கட்டுபவர் உள்ளூர் மேஸ்திரியை நாடுகிறார். கட்டடக் கலைஞரை நாடுவதில்லை. கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்ற கட்டண முறை இதற்கு ஒரு காரணம். வீடு சிறிதானால் கட்டணமும் சிறிது. உழைப்போ அதே விகிதத்தில் குறைவதில்லை. சிக்கனமாக வரைந்து செலவைக் குறைப்பவர் தம் வருவாயையே குறைத்துக்கொள்கிறார்! பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நிலையான ஒரு தொகைக்கு ஆலோசனை பெறும் முறையை இங்கு முயன்று பார்க்கலாம். 2008இல் மும்பையில் தோன்றிய ‘அர்ப்ஸ்’ என்னும் குழு தாராவியின் மேஸ்திரிகளோடு இணைந்து பணியாற்றியது. மேஸ்திரியின் அனுபவமும் கட்டடக் கலைஞரின் கல்வியும் பகையல்ல என்பதற்கு இது சான்று.

இறுதியாக, அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை, ஒப்பந்தம் இருப்பினும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைத்தல் ஆகாது. தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்குக் கூட்டு வட்டி உண்டு. ஆனால், அடுத்த வேலை கைநழுவிப் போகுமோ என்று அஞ்சும் இளைஞர் இவ்வுரிமையைக் கோரத் தயங்குகிறார். அவர் கோருமுன் கொடுப்பதே நிர்வாகத்தின் கடமை. ஒரு பள்ளிக் கழிப்பறைக்கான ஒப்பந்தப் புள்ளியிலும் கோடிக்கணக்கில் ஆண்டு வரவு கேட்பது முறையா? சிறு வேலைகள் சிறு அலுவலகங்களை அடையட்டும்; கட்டணமும் உரிய நாளில் அடையட்டும். மானியம் எதுவுமின்றியே அவை நிலைத்து நிற்கும்.