ஆளும் பொழைப்பும் ஒரே ரயிலில்!

(தலைப்பு: பயணிகள் ரயிலில் லக்கேஜ் வேன் இனியும் தேவையா, தேவையில்லையா? ‘தேவையே’ அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து, கைப்பை ஒன்றே போதும் என்று வாதாடிய எதிரணி நண்பர்களே! ரெண்டு பேர் ஊருக்குப் போக ஆறு பை கட்டுகிற அன்பான தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி கேட்டாரு: “சூட்கேஸுக்கெல்லாம் சக்கரம் வந்துடுச்சே, இன்னும் எதுக்கய்யா லக்கேஜ் வேன்?” தம்பி, உங்க சூட்கேஸுக்குச் சக்கரம் இருக்கு. பீரோவுக்கு இருக்கா? எங்க வீட்டுக்காரர் என் மூட்டைகளைப் பாத்துட்டு, “நீ ஊருக்குப் போறியா, இல்ல ஊரையே கொண்டு போறியா?”ன்னு கேப்பாரு. (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வர்றேன். தூங்கும் வசதி வகுப்பில் ஒரு ஆளுக்கு 40 கிலோ இலவசம். பணம் கட்டினா 80 கிலோ வரைக்கும் கூடவே வெச்சுக்கலாம். பெட்டியின் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம். இதுக்கு மேல போனா என்ன செய்யணும்? லக்கேஜ் ஆபீசில் பதிவு பண்ணி, கார்டு பெட்டியோட சேர்ந்திருக்கிற லக்கேஜ் வேனில் ஏத்தணும். இது ரயில்வேயின் சட்டம். ஒரு பக்கம் “பெரிய சாமானைப் பெட்டிக்குள்ள கொண்டுவராதே”ன்னு சொல்லிட்டு, இன்னொரு பக்கம் வேனையும் எடுத்துட்டா, அந்தச் சாமானை வெச்சிருக்கிற ஏழை எங்கேய்யா போவான்?

“ரயில் லேட்டாகும்”னு ஒரு வாதம். வேனில் ஏத்த வேண்டிய லக்கேஜை ரயில் கிளம்ப அரைமணி நேரம் முன்னாடியே ஒப்படைக்கணும்னுதானே விதி இருக்கு! பகல்லயே போய்ச்சேருகிற வந்தே பாரத்தில் லக்கேஜ் வேன் கிடையாது, ஒத்துக்கறேன். அது ஓடட்டும். ஆனா குடும்பத்தோட குடிபெயர்ந்து போறவன் ஏறுகிற ராத்திரி ரயிலையும் அப்படி ஆக்கிடாதீங்கன்னுதான் கேக்கறோம்.

“லாரி இருக்கே, கூரியர் இருக்கே?” இருக்கு. ஆனா லாரி, சரக்கு சேர்ந்தாத்தான் கிளம்பும். நாம இன்னிக்குப் போவோம், சாமான் நாலு நாள் கழிச்சு வரும். அந்த நாலு நாள் நமக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். ஆனா அந்தச் சாமானை வெச்சுத்தான் சோறுங்கிறவங்களுக்கு?

நடுவர் அவர்களே, என் கதையையே சொல்றேன். 1983. எனக்குப் பத்து வயசு. அப்பா தவறி நாலு மாசம். மதுரையில் வாடகை கொடுக்க வழியில்லை. மெட்ராஸில் இருந்த மாமா, “அக்கா, மாம்பலம் வந்துடு. இங்க ஜாக்கெட் தைக்க நிறைய ஆர்டர் வரும்”னு எழுதினாரு. தெருவே சொல்லிச்சு: “தையல் மிஷினை வித்துடு, அங்க போய் வாங்கிக்கோ.” அம்மா கேக்கல. மிஷினுக்குச் சாக்கு சுத்தி, கோணி ஊசியால தைச்சு, அட்டையில் பேரும் ‘எழும்பூர்’னும் எழுதிக் கட்டினாங்க. லக்கேஜ் ஆபீசில் எடை போட்டு ஒரு ரசீது கொடுத்தாங்க. அதை முந்தானையில் முடிஞ்சுகிட்டாங்க.

ராத்திரி முழுக்க அம்மா தூங்கல. விழிச்சுப் பாக்கும்போதெல்லாம் அவங்க கை அந்த முடிச்சைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. விடிஞ்சதும் எழும்பூர். எல்லாரும் வெளிவாசலுக்கு ஓட, நாங்க மட்டும் ரயிலோட கடைசிப் பெட்டிக்கு ஓடினோம். சாக்கு மூட்டை இறங்கிச்சு. சக்கரத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, அப்பதான் அம்மா அழுதாங்க. அப்பா போன அன்னிக்குக்கூட அப்படி அழல.

அன்னிக்குச் சாயங்காலமே மாம்பலத்தில் மிஷின் ஓடிச்சு. மறுநாள் அரிசிக்குக் கூலி வந்துச்சு. என்னைப் படிக்க வெச்சது அந்த மிஷின். இந்த மேடையில நிறுத்தினதும் அந்த மிஷின்! (கைதட்டல்)

இப்பவும், வேலை கிடைச்சு ஊர் விட்டு ஊர் போற பையன், பைக்கில் பெட்ரோலை வடிச்சுட்டு, சாக்கு கட்டி, தான் போற ரயில்லயே ஏத்தறான். மறுநாளே அதுலதான் வேலைக்குப் போகணும். பொருள் அடிபடுது, காத்திருக்க வேண்டியிருக்குன்னா, அதைச் சரி பண்ணுங்க. கூரை ஒழுகுதுன்னு வீட்டையே இடிப்பாங்களா?

கார்டுன்னு நாம சொன்னவருக்கு 2022-இல் டிரெயின் மேனேஜர்னு பேரு மாத்தினாங்க. பேரு மாறட்டும்! ஆனா அவர் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். ஏன்னா, ஒரு ஏழை ஊர் மாறும்போது ஆளும் பொழைப்பும் ஒண்ணாப் போய் இறங்கணும். ஆகவே, பயணிகள் ரயிலில் லக்கேஜ் வேன் தேவையே, தேவையே என்று கூறி அமர்கிறேன்.